எகிப்தியப் பேராசிரியர் தாஹா ஹுசேன்

ஆராய்ச்சிப் பட்டம் பெற விழைவோர் தம் வாழ்க்கையினின்றும் எட்டி நிற்கும் பொருளையே ஆராய்ச்சிக்குத் தேர்ந்துகொள்ளல் வேண்டும், அன்றேல் நடுவுநிலை பிறழும் என்பது கற்றோர் பலர் கொண்டுள்ள கருத்தாகும். உடற்குறையுடையோர் வாழ்வினை ஆராயும் துறையொன்று இன்று உலகப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் தனித்துறையாக நிலைபெற்றிருக்கின்றது. அத்துறையில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்வோருட் பலர் தாமும் அத்தகைய குறையுடையோரே. தன்னிலையைத் தானே ஆராய்வான் உண்மை காண்பானோ என்னும் ஐயம் அவர்களை நோக்கி எழுப்பப்படுவதுண்டு. அத்துறைக்குப் பெயரும் தோன்றாத காலத்தே, கி.பி. 1914-ஆம் ஆண்டிலே, கெய்ரோ நகரத்து இளைஞர் ஒருவர் இவ்வையத்துக்குத் தம் செயலால் விடையிறுத்தார். இரு கண்ணும் இழந்தவராகிய அவர், தம்மைப்போலவே கண்ணிழந்த பழம்புலவர் ஒருவரைப் பற்றி ஆராய்ச்சியுரை வரைந்து, புதிய எகிப்தியப் பல்கலைக்கழகம் வழங்கிய முதல் டாக்டர் பட்டத்தைப் பெற்றார். அவ்விளைஞரே பிற்காலத்தில் அரபு மொழியின் தலைசிறந்த உரைநடையாசிரியராகவும், அந்நாட்டுக் கல்வியமைச்சராகவும் விளங்கிய தாஹா ஹுசேன் ஆவர்.

மேல் எகிப்தில் மின்யா மாகாணத்தில், நைல் நதியின் மேற்குக் கரையில் மகாகா என்னும் ஊர் உள்ளது. அதனையடுத்த குக்கிராமம் ஒன்றில் 1889-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் தாஹா பிறந்தார். தந்தையார் சர்க்கரைக் கம்பெனி ஒன்றில் சிறு உத்தியோகம் பார்த்தவர். அவர்க்கு மக்கள் பதின்மூவர், தாஹா ஏழாமவர். பெருங்குடும்பமும் சிறுவருவாயும் உடைய அவ்வில்லத்தில் ஒரு குழந்தை நோயுற்றால் அதனை உற்றுநோக்குவார் அரியர். தாஹாவுக்கு ஏறக்குறைய மூன்று வயது நிகழ்ந்த காலை கண்ணோய் கண்டது. நைல் வெளிகளில் ஈயும் புழுதியும் பரப்பும் அந்நோய் அக்காலத்தில் மிக மலிந்திருந்தது. சில நாள் வரை எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் ஊர் நாவிதன் அழைக்கப்பட்டான். அவன் செய்த வைத்தியத்தோடு குழந்தையின் கண்ணொளி முற்றும் அவிந்தது. சில ஆண்டுகட்குப் பின்னர் அவர் தங்கையாகிய நான்கு வயதுப் பெண் குழந்தை, பெருநாள் நெருங்கி வீடெல்லாம் பரபரப்பாயிருந்த வேளையில் காய்ச்சலுற்று, மருத்துவர் எவரும் அழைக்கப்படாமலே மாண்டது. இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் தாஹா தம் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. விதி என்று பெரியோர் சொல்லி ஆறிய இடத்தில் அவர் அறியாமையையே கண்டார். பிற்காலத்தே அவர் கல்விக்காகப் போராடிய போராட்டத்தின் வேர் இங்கே ஊன்றியதென்று கொள்வதில் தவறில்லை.

வீட்டின் முன்னே நாணலால் அமைந்த வேலி ஒன்று இருந்தது. அதற்கப்பால் ஒரு வாய்க்கால் ஓடிற்று. உலகம் அவ்வாய்க்காலோடு முடிவதாகச் சிறுவன் எண்ணியிருந்தான். மாலைதோறும் அவ்வேலியில் சாய்ந்து நின்று, ஊர்ப்பாணன் அபு ஸைது முதலிய பழைய வீரர் கதைகளைப் பாடுவதைச் செவிமடுப்பான். கதை சுவைபெறும் வேளையில் தமக்கை வந்து அவனைத் தூக்கிச் செல்வாள். தாய் மடியிற் கிடத்திக் கண்களில் எரியும் மருந்தினை வார்ப்பாள். அழுதால் வீட்டாருக்கு வருத்தமாம் என்று அவன் அழாதிருப்பான். அந்த வயதிலேயே பிறர் இரக்கத்துக்கு அஞ்சும் உள்ளம் அவனிடம் அமைந்துவிட்டது.

இதற்கொரு சான்று உண்டு. ஒருநாள் இரவு குடும்பத்தார் அனைவரும் கூடியிருந்து உண்டுகொண்டிருந்தனர். வழக்கமாக ஒரு கையால் உண்ணும் சிறுவனுக்கு, உணவை இரு கையாலும் எடுத்தால் என்ன நேரும் என்னும் ஆசை தோன்றியது. அவ்வாறே செய்தான். உடன்பிறந்தார் நகைத்தனர், தாய் கண்ணீர் உகுத்தாள், தந்தை மெல்லிய துயரக்குரலில் அது முறையன்றென்று திருத்தினார். அன்றிரவு அவனுக்கு உறக்கம் வரவில்லை. அன்று தொட்டு அவன் தன் ஒவ்வோர் அசைவையும் அளந்து அளந்தே செய்வானாயினான். சாறும் சோறும் கரண்டியால் உண்ணும் பிறவும் தனக்கு ஆகா என்று தானே விலக்கிக்கொண்டான். சிந்திவிடுமோ, சிரிப்பார்களோ என்ற அச்சமே அதற்குக் காரணம். தனியே உண்ணவும் தலைப்பட்டான். இந்நிகழ்ச்சி சிறிதெனத் தோன்றலாம். எனினும், பின்னர் அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பொருளை நோக்குங்கால் இதன் பொருள் விளங்கும்.

அந்நாளில் கண்ணிழந்த எகிப்தியச் சிறுவனுக்கு வழி ஒன்றே. குர்ஆனை மனப்பாடம் செய்து, வீடுகளிலும் இழவு நிகழுமிடங்களிலும் ஓதிப் பிழைத்தல் வேண்டும்; நற்பேறுடையானாயின் அல் அஸ்ஹரில் பயின்று சமய அறிஞனாகலாம். தாஹா ஒன்பது வயது நிரம்புமுன்னரே வேதம் முழுவதையும் மனப்பாடம் செய்தார். தந்தையும் தாயும் அவரை ஷேக் என்று பட்டஞ்சூட்டி அழைத்தனர். ஆனால் திண்ணைப்பள்ளி ஆசிரியர் தம் மாணாக்கனைக் கவனியாது விட்டமையால் ஓதியது மறந்துபோயிற்று. தந்தை ஒருநாள் விருந்தினர் முன்னிலையில் சோதித்தபோது ஓரடியும் நாவில் வரவில்லை. வெட்கத்தால் உருகிப்போன சிறுவன் மீண்டும் முதலிலிருந்து பயின்றான். அவ்வாசிரியரும் ஏறக்குறையக் கண்ணிழந்தவரே; ஒரு கண்ணில் மங்கலான ஒளி மட்டும் எஞ்சியிருந்தது. அவ்வொளியைக்கொண்டு தாம் பிறருக்கு வழிகாட்டுவதாகப் பெருமை பேசித் திரிந்த அவரைத் தாஹா தம் நூலில் சித்திரித்திருக்கும் பகுதி, படிப்போரை வாய்விட்டு நகைக்கச் செய்யும்.

1902-ஆம் ஆண்டில் எகிப்தில் வாந்திபேதி பரவியது. மருத்துவக் கல்வி பயிலவிருந்த பதினெட்டு வயதுத் தமையன், அவ்வாண்டு ஆகஸ்டு 21-ஆம் நாள் அந்நோய்க்கு இரையானான். வீட்டின் மகிழ்ச்சி அன்றோடு போயிற்று. தமையன் தொழாது விட்ட தொழுகைகளின் பொருட்டுச் சிறுவன் தன் தொழுகையை இரட்டித்துச் செய்தான். அவன் பொருட்டு நோன்பும் நோற்றான். இதனை அவன் எவருக்கும் சொல்லவில்லை.

அவ்வாண்டின் இறுதியில் பதின்மூன்றாம் வயதில் தாஹா மற்றொரு தமையனுடன் கெய்ரோ சென்று அல் அஸ்ஹரில் சேர்ந்தார். ஆயிரமாண்டு பழமை வாய்ந்த அக்கல்விநிலையத்தில் ஆசிரியர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு தூணடியில் அமர்ந்து பாடஞ் சொல்லுவர். மாணாக்கர் சூழ அமர்ந்து கேட்பர். செவியே கண்ணாகிய தாஹாவுக்கு இம்முறை பொருத்தமாகவே இருந்தது. ஆயின், பாடம் முடிந்த பின்னர் வரும் பொழுதே கொடியது. தமையன் நண்பர் அறைக்குச் சென்று தேநீர் பருகி உரையாடிக்கொண்டிருப்பான். தாஹா நெருக்கமான குடியிருப்பொன்றின் அறையில் தனியே இருப்பார். கண்ணில்லாதவனுக்கு விளக்கு எற்றுக்கு என்று எவரும் விளக்கேற்றுவதில்லை. இருளுக்கும் ஓர் ஒலி உண்டென்று அவர் பிற்காலத்தே எழுதினார். சுவரிடுக்கில் ஊரும் பூச்சிகளின் அரவமும், எலிகளின் ஓட்டமும், பக்கத்தறையில் எழும் நகைப்பும் அவர் செவியில் நள்ளிரவு வரை விழுந்துகொண்டேயிருக்கும். விளக்கைக் காணாத கண்ணுக்கும் விளக்கு வேண்டியிருந்தது. இருளில் விடப்பட்டோம் என்னும் எண்ணமே அவரை வருத்தியது. கண்ணுடையார் இதனை உணர்வது அரிது.

அஸ்ஹரிற் சேர்தற்கு நிகழ்ந்த தேர்வில், தேர்வாளர் ஒருவர் பெயர் சொல்லி அழையாது, குருடன் என்று விளித்து அவரை முன்னே வரச் சொன்னார். வீட்டில் அன்னார் குறையை நேரே சுட்டிப் பேசியவர் எவருமிலர். அச்சொல் அவர் நெஞ்சிற் பாய்ந்த முள்ளாயிற்று. தேர்வில் தேறிய மகிழ்ச்சியும் அவருக்கு இல்லாது போயிற்று.

அஸ்ஹரில் அவருள்ளத்தைக் கவர்ந்தவர் ஸய்யித் அல் மர்ஸஃபி என்னும் இலக்கிய ஆசிரியர் ஒருவரே. ஏனையோர் இலக்கணமும் சமய நூலும் உரைக்குமேல் உரையாக விரித்துச் செல்ல, இவர் பழம்பாடல்களின் சுவையை எடுத்துக்காட்டினார். சீர்திருத்தப் பேரறிஞர் முகம்மது அப்துஹு அவர்களின் கடைசிச் சொற்பொழிவுகளில் இரண்டொன்றையும் தாஹா கேட்டார். கேட்ட மாத்திரத்தே வினவும் இயல்பு அவரிடம் வளர்ந்தது. வினவும் மாணாக்கரை அஸ்ஹர் விரும்பவில்லை. பட்டத் தேர்வில் அவர் தோல்வியுறச் செய்யப்பட்டார்.

நிற்க. 1908-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் கெய்ரோவில் எகிப்தியப் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. அரசினர் ஆதரவைப் பெரிதும் எதிர்பாராது பொதுமக்கள் நன்கொடையால் எழுந்த நிலையம் அது. தாஹா முதலிலிருந்தே அங்குச் சென்று பயிலலானார். நல்லினோ, லிட்மன், ஸான்டில்லானா முதலிய ஐரோப்பிய அறிஞர் அரபு மொழியிலேயே அங்கு விரிவுரை ஆற்றினர். நூலில் எழுதியிருப்பதை ஒப்புக்கொள்ளுதல் கல்வியன்று, எவன் எழுதினான், எக்காலத்தில் எழுதினான், ஏன் எழுதினான் என்று ஆராய்தலே கல்வி என்பதனை அவர் அங்கே உணர்ந்தார்.

இனி ஆராய்ச்சிப் பொருளுக்கு வருவோம். அவர் எடுத்துக்கொண்டது அபுல் அலா அல் மஅர்ரி என்னும் புலவரின் வரலாறு. அபுல் அலா 973-ஆம் ஆண்டில் சிரியா நாட்டின் மஅர்ரா நகரிற் பிறந்தவர். நான்காம் வயதில் வைசூரியால் கண்ணிழந்தார். பக்தாது சென்று புகழும் மனக்கசப்பும் ஒருங்கே பெற்று மீண்டார். பின்னர் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் இல்லத்தை விட்டு வெளியேறாது வாழ்ந்து 1057-ஆம் ஆண்டில் மறைந்தார். குருட்டுத்தன்மை ஒரு சிறை, வீடு ஒரு சிறை எனக் கொண்டு தம்மை இரு சிறைக் கைதி என்றே அவர் கூறிக்கொண்டார். ஊன் உண்ணாமை மட்டுமோ, பாலும் முட்டையும் தேனும்கூடப் பிறவுயிரிடத்துக் கவர்ந்தன என்று விலக்கினார். புலால் மறுத்தல் என்னும் அதிகாரத்தைக் கற்ற தமிழ் மாணாக்கருக்கு அவர் அயலாராகத் தோன்றார். எதுகையில் இலக்கணம் வேண்டாத கட்டுப்பாட்டையும் தாமே மேற்கொண்டு ஒரு பெருநூல் பாடினார். லுஸூமிய்யாத் என்பது அதன் பெயர். வாழ்விலும் பாவிலும் தமக்குத் தாமே தளை பூட்டிக்கொண்டவர் அவர்.

அபுல் அலா ஒருமுறை பழப்பாகு உண்டபோது அது சிந்தி மார்பில் ஒழுகிற்று, தாம் அறியவில்லை. மாணாக்கன் ஒருவன் அதனைக் குறிப்பிட, அன்றே பாகினை ஒழித்தார். அதன்பின் பணியாளும் காணாவண்ணம் மறைவிடத்தில் தனித்துண்பதை வழக்கமாக்கினார். இக்கதையைக் கேட்டபோது தாஹாவுக்கு அது ஆயிரமாண்டுக்கு முற்பட்ட செய்தியாகவா தோன்றியிருக்கும்? இரு கையாலும் உணவெடுத்த அந்த இரவே அவர் நினைவுக்கு வந்தது. அப்புலவரிடம் தம்மையே கண்டார்.

அங்ஙனம் கண்டவர் ஆராய்ச்சியுரையில் என்ன செய்தார் என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. தம் துயரத்தை அங்கே எழுதவில்லை. புலவர் வாழ்ந்த காலமும் இடமும் எத்தகையன, அவர் வாழ்க்கை எவ்வாறு அமைந்தது, இலக்கியம் எத்தகையது, கல்வி எவ்வளவினது, தத்துவம் எங்கிருந்து தோன்றியது என ஐந்து பகுதிகளாக வகுத்துக்கொண்டு, மனிதன் தன் காலமும் சூழலும் ஈன்ற பயன் என்னும் கொள்கையின் வழியே ஆராய்ந்து சென்றார். கண்ணிழந்தமையை அவர் தெய்வ தண்டனையாகவும் கொள்ளவில்லை, தெய்வ அருளாகவும் கொள்ளவில்லை. ஒரு மனிதனை உருவாக்கிய காரணங்களுள் ஒன்றாக அதனை நிறுத்தி எடையிட்டார். இரங்கத்தக்கவர் என்றோ வியக்கத்தக்கவர் என்றோ விழியிழந்தோரை உலகம் இரு வகையாக மட்டுமே பேசிவந்த காலத்தில், காரணகாரிய முறையில் பேசியது பெருந்துணிவென்பதே எம் கருத்து. 1914-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் பலர் முன்னிலையில் அவ்வாராய்ச்சியுரை வினாவிடைக்கு உட்படுத்தப்பட்டது. அரபியர் கண்ட பூகோள நூல், காரிஜிய்யரின் சமய உணர்ச்சி என்னும் வேறிரு பொருள்களிலும் அவரைச் சோதித்தனர். கண்ணாற் காணாத நாடுகளின் அமைப்பைப் பற்றிய வினாக்களுக்கு அவர் தயங்காது விடையளித்தார். முதல் டாக்டர் பட்டம் அவருக்கு உரியதாயிற்று.

அவ்வாராய்ச்சி அமைதியாக ஏற்கப்படவில்லை. சமயநெறிக்கு மாறான நூல் எழுதியவனுக்குப் பட்டம் அளித்த பல்கலைக்கழகத்துக்கு அரசினர் உதவிப்பணம் நிறுத்தப்பட வேண்டும் என்று சட்டசபை உறுப்பினர் ஒருவர் தீர்மானம் கொணர முற்பட்டார். அச்சபையின் துணைத் தலைவராயிருந்த ஸஅத் ஸக்லூல் தலையிட்டு அதனைக் கைவிடச் செய்தார். பின்னாளில் எகிப்திய விடுதலைப் போரின் தலைவராகத் திகழ்ந்தவர் அவரே.

பட்டம் பெற்றவர் பிரான்சு சென்று மேலும் பயில விழைந்தார். பல்கலைக்கழகம் முதலில் இணங்கவில்லை; பிரெஞ்சு மொழி போதாதென்றும், கண்ணில்லாதவருக்குத் துணையாள் செலவு வேண்டுமென்றும் தடை கூறினர். தாஹா பிரெஞ்சு பயின்று மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தார். 1914-ஆம் ஆண்டு நவம்பரில், ஐரோப்பியப் பெரும்போர் மூண்டு சில திங்களே ஆகியிருந்த காலத்தில், கப்பலேறி மோன்பெலியே நகர் சேர்ந்தார். அங்குப் பிரெயில் எழுத்தையும் கற்றார். ஆயின் இளமை தொட்டுச் செவிவழியே பயின்ற அவருக்கு விரல்வழிப் படிப்பு மெதுவாகத் தோன்றியது. வாசித்துக் காட்டுவார் ஒருவர் வேண்டியிருந்தது. 1915-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் சுஸான் பிரெஸ்ஸோ என்னும் பிரெஞ்சு நங்கை அப்பணிக்கு வந்தாள். அவள் அவருக்கு ரஸீனின் நாடகங்களை வாசித்தாள். அக்குரல் கேட்ட நாள் தொட்டுத் தம் வாழ்வில் இருள் நீங்கியதாகத் தாஹா கருதினார்.

பல்கலைக்கழகத்தில் பணமுட்டுப்பாடு நேர்ந்தமையால் அவ்வாண்டே மாணாக்கர் அனைவரும் தாய்நாட்டுக்குத் திருப்பி அழைக்கப்பட்டனர். மூன்று திங்கள் கெய்ரோவில் மனமுடைந்து கிடந்தார். பின்னர் மீண்டும் அனுப்பப்பட்டபோது பாரிஸ் நகரம் சென்றார். சுஸானும் தாயோடு அங்கிருந்தாள். ஸார்பன் கலாசாலையில் படிப்பு எளிதாயில்லை. பிரெஞ்சு மாணாக்கர் பள்ளிப்பருவத்திலேயே கற்றுவந்த இலத்தீன் மொழியையும் ஐரோப்பிய வரலாற்றையும் பூகோளத்தையும் இவர் முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. 1917-இல் இலக்கியப் பட்டம் பெற்றார். அடுத்து, சமூகவியலை முதன்முதல் ஆராய்ந்தவருள் ஒருவராகக் கருதப்படும் இப்னு கல்தூனின் சமுதாயத் தத்துவத்தைப் பற்றி மற்றோர் ஆராய்ச்சியுரை எழுதினார். அதற்கு முதலில் வழிகாட்டியவர் எமீல் துர்க்கெய்ம். 1917-ஆம் ஆண்டு நவம்பரில் துர்க்கெய்ம் மறைந்த பின்னர் பூக்லே அப்பணியை ஏற்றார். 1918-இல் ஸார்பன் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது.

இவற்றிடையே 1917 ஆகஸ்டு 9-ஆம் நாள் சுஸான் அவரை மணந்தாள். கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண், அயல்நாட்டானும் முஸ்லிமும் கண்ணிழந்தவனுமான ஏழை மாணாக்கனை மணப்பதென்றால் உறவினர் ஒப்புவரோ? அவள் சிற்றப்பன் முறையினராகிய குரு ஒருவர் இருந்தார். அவர் தாஹாவை அழைத்துக்கொண்டு வயல்வெளியில் இரண்டு மணி நேரம் உலாவிப் பேசினார். திரும்பி வந்து, அஞ்சவேண்டுவதில்லை, மணந்துகொள் என்று சுஸானுக்கு அறிவுரை கூறினார். அவர்கள் என்ன பேசினர் என்பது நமக்குத் தெரிய வாய்ப்பில்லை. கிறிஸ்துவின் ஊழியர் ஒருவர் அந்த நாளில் அவ்வாறு நடந்துகொண்டது நம் போன்றோர்க்கு மகிழ்ச்சி தருவதாகும். கணவர் முஸ்லிமாகவும் மனைவி கிறிஸ்தவளாகவுமே இறுதிவரை வாழ்ந்தனர். அமீனா, மூனிஸ் என இரு மக்கள் அவர்கட்குப் பிறந்தனர்.

1919-இல் தாயகம் மீண்ட தாஹா, பல்கலைக்கழகத்தில் கிரேக்க ரோம வரலாற்றுப் பேராசிரியரானார். 1925-இல் அது அரசினர் பல்கலைக்கழகமாயிற்று. அவர் அரபு இலக்கியப் பேராசிரியராக அமர்த்தப்பட்டார். மறு ஆண்டே புயல் எழுந்தது. இஸ்லாத்துக்கு முற்பட்ட காலத்துப் பாடல்கள் என்று வழங்குவனவற்றுள் பெரும்பாலன பிற்காலத்தார் புனைந்து முன்னோர் பெயரில் ஏற்றியவை என்று அவர் 1926-இல் ஒரு நூல் வெளியிட்டார். தெகார்த் வகுத்த ஐயமுறையைத் தம் மொழியின் பழம்பெருமை மீதே செலுத்திப் பார்த்தார். பழம்பாடல்களின் காலத்தைக் குறித்து எழும் சொற்போர் எத்துணைச் சூடுடையதாகும் என்பதனைத் தமிழ் பயில்வார்க்கு நாம் விளக்கவேண்டுவதில்லை. ஆனால் அங்கே அச்சூடு நீதிமன்றம் வரை சென்றது. அவரைப் பதவி நீக்கவேண்டும் என்று அஸ்ஹர் அறிஞரும் சட்டசபையினரும் முழங்கினர். அரசினர் வழக்கறிஞர் முகம்மது நூர் நூலை வரிவரியாக ஆராய்ந்தார். முடிவுகளிற் சில பிழையுடையனவாயினும் நூலாசிரியர் நோக்கம் ஆராய்ச்சியே என்று கூறி, 1927 மார்ச்சு மாதத்தில் வழக்கைக் கைவிட்டார். தாஹா சில பகுதிகளை நீக்கி நூலை வேறு பெயரில் வெளியிட்டார். அவர் கூற்று அளவுமீறியது என்று பின்வந்த அறிஞர் பலர் மறுத்துள்ளனர். மறுப்பதற்கும் அவர் காட்டிய முறையையே கையாண்டனர்.

வசை மொழிந்தோர் அக்காலத்தில் அவர் கண்ணையும் விட்டுவைக்கவில்லை. அவ்விரைச்சலுக்கு நடுவே அவர் தம் இளமை வரலாற்றைச் சொல்லி எழுதுவிக்கத் தொடங்கினார். அதுவே நாட்கள் எனப் பொருள்படும் அல் அய்யாம். அல் ஹிலால் இதழில் தொடர்ந்து வெளிவந்து, 1929-இல் நூலாயிற்று. 1932-இல் ஆங்கிலமும் ஆயிற்று. அந்நூலில் நான் என்னும் சொல்லை அவர் வழங்கவில்லை. சிறுவன் என்றும் நம் நண்பன் என்றும் தம்மைப் படர்க்கையிலேயே கூறிச் செல்கின்றார். பன்னிரண்டு ஆண்டுக்கு முன் அபுல் அலாவை எட்டி நின்று நோக்கியவர், இப்போது தம்மையும் அவ்வாறே எட்டி நின்று நோக்கினார் போலும். எம்மனோர் படித்தற்குரிய அவர் நூல்களுள் இதுவே தலையாயது.

கலைப்பகுதித் தலைவராக அவர் இருந்த காலத்தில், அரசியற் செல்வாக்குடைய சிலருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்குமாறு ஸித்கி பாஷாவின் அரசு வற்புறுத்தியது. பல்கலைக்கழகப் பட்டம் அமைச்சரவையின் பரிசுப் பொருளன்று என்று கருதிய தாஹா மறுத்துவிட்டார். 1932 மார்ச்சில் அவர் பதவியினின்றும் அகற்றப்பட்டார். பல்கலைக்கழகத் தலைவர் லுத்பி அல் ஸய்யித் இதனைப் பொறாது தாமும் பதவி துறந்தார். இரண்டரை ஆண்டளவில் தாஹா மீண்டும் அழைக்கப்பட்டார். மாணாக்கர் அவரைத் தோள்மேற் சுமந்து சென்றனர். முதன்முதலாகப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்த பெண்களுக்கு அரணாக நின்றவரும் அவரே. அவர் மாணவி ஸுஹைர் அல் கலமாவி 1941-இல் ஆயிரத்தோர் இரவுகள் என்னும் கதைநூலை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார்.

1942-இல் அலெக்ஸாண்டிரியாப் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரானார். 1950 ஜனவரியில் கல்வியமைச்சரானார். நீரும் காற்றும் போலக் கல்வியும் எல்லார்க்கும் உரியது, அதனை விலைக்கு விற்றலாகாது என்பது அவர் கொள்கை. தொடக்கக் கல்வி 1944-லேயே கட்டணமின்றி அளிக்கப்பட்டிருந்தது. இப்போது உயர்நிலைப் பள்ளிகளிலும் கட்டணத்தை ஒழித்தார். ஆசிரியர் எங்கே, கட்டடம் எங்கே, தரம் குன்றாதோ என்று வினவினார் பலர். அவ்வினாக்களில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், பசித்தவனை அடுக்களை முடியும்வரை பொறுத்திருக்கச் சொல்லுதல் அவருக்கு இயலாததாயிற்று. நாவிதன் கையில் கண்ணைக் கொடுத்த சிற்றூர்ச் சிறுவன் அமைச்சரின் உள்ளத்தில் உயிரோடிருந்தான். 1952-ஆம் ஆண்டு ஜனவரியில் அமைச்சரவை வீழ்ந்தது. அவர் பதவியும் முடிந்தது. கட்டணம் மீண்டும் வரவில்லை.

இத்துணைப் பணிகளுக்கிடையிலும் அபுல் அலாவை அவர் விட்டுப் பிரியவில்லை. 1939-இல் அபுல் அலாவுடன் அவர் சிறையில் என்னும் பொருள்படும் நூலை வெளியிட்டார். 1914-இல் எழுதியது ஆராய்ச்சி, இது நட்பு. முன்னதில் மறைத்து வைத்த தம்மை இதில் மறைக்காது வெளிப்படுத்தினார். அப்புலவரின் அறையிற் சென்றமர்ந்து, அவரோடு உரையாடி, உலகை வெறுத்த அவர் முடிவோடு சில இடங்களில் உடன்பட்டும் சில இடங்களில் மாறுபட்டும் பேசுகின்றார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்போர்க்கு ஒன்று தோன்றும். முதல் நூலின் கட்டுப்பாடு இல்லையேல் இரண்டாம் நூலின் நெருக்கம் வெறும் புலம்பலாயிருக்கும். இரண்டாம் நூல் இல்லையேல் முதல் நூலை எழுதியவர் யாரென்பதே நமக்குத் தெரிந்திராது. ஆராய்வான் தன்னை மறைத்தல் வேண்டுமோ, காட்டல் வேண்டுமோ என்னும் வினாவுக்கு அவர் இருபத்தைந்து ஆண்டு இடைவெளியில் இரு விடையும் அளித்துவிட்டார். ஒன்றையே ஏற்கவேண்டுமென்று கேட்பாராயின் யாம் முன்னதையே ஏற்போம். எனினும் படிக்க எடுப்பது பின்னதையே. 1944-இல் அபுல் அலாவின் ஆயிரமாவது ஆண்டு விழாச் சிரியாவில் நடந்தபோது தாஹாவும் சென்று கலந்துகொண்டார். மஅர்ராவில் அப்புலவர்க்கு நிறுவப்பெற்ற சிலை 2013-ஆம் ஆண்டு பிப்ரவரியில், உள்நாட்டுப் போரின் நடுவே, தலை துண்டிக்கப்பட்டது. இறந்து ஒன்பது நூற்றாண்டு கடந்த பின்னும் அவரைப் பகைப்பார் இருந்தனர்.

1963 முதல் அரபு மொழிக் கழகத்தின் தலைவராயிருந்த தாஹா, இறுதியாண்டுகளில் உடல் தளர்ந்து, ராமத்தான் என்று பெயரிட்ட தம் இல்லத்திலேயே தங்கினார். 1973-இல் ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமைப் பரிசுக்கு உரியவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பரிசு வழங்கப்பெற்ற நாளில் அவர் உயிரோடில்லை. அக்டோபர் 28-ஆம் நாள், எகிப்தும் இஸ்ரவேலும் பொருத போர் ஓய்ந்த சில நாட்களில், எண்பத்து மூன்றாம் வயதில் அவர் மறைந்தார். ஐம்பத்தெட்டு ஆண்டுகள் அவருக்கு நூல்களை வாசித்துக் காட்டிய சுஸான், அதன்பின் எழுதுகோலைக் கையிலெடுத்தார். உன்னோடு என்று பொருள்படும் பெயருடைய அந்நூல் 1979-இல் அரபு மொழியில் வெளிவந்தது. 1989-இல் சுஸானும் மறைந்தார். ராமத்தான் இல்லம் காட்சிசாலையாக்கப்பட்டு, அவர்தம் நூல்கள் அங்கே வைக்கப்பட்டிருக்கின்றன.